கனவில் தொட்ட கை: சொப்பனவாசவதத்தக் கூடியாட்டம் குறித்து ஒரு மதிப்புரை

பழைய வடமொழி நாடகாசிரியன் பாசனின் 'சொப்பனவாசவதத்தம்' ஆறு அங்கங்கள் கொண்ட நாடகம். அதன் ஐந்தாம் அங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, திருச்சூர் மாவட்டத்தில் உள்ள ஒரு கூத்தம்பலத்தில், அதாவது கோயில் நாடக அரங்கில், அண்மையில் ஒரு கலைக்குழு மூன்று இரவுகளில் கேரளத்தின் வடமொழி நாடகக் கலையாகிய கூடியாட்டமாக நிகழ்த்தியது. நிதானமாக வாசித்தாலும் சிறிது நேரத்தில் முடிந்துவிடும் அந்தப் பகுதி, மேடையில் ஒவ்வோர் இரவும் மூன்று மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. வடமொழி நாடகம் பார்ப்பவரின் மனத்தில் காதலை எவ்வாறு எழுப்புகிறது என்று அறிய விரும்புகிறவர்கள், இலக்கண நூல்களைத் திறப்பதற்கு முன்பாக இத்தகைய நிகழ்வொன்றில் மூன்று இரவும் அமர்ந்திருக்க வேண்டும் என்பதே என் பரிந்துரை. இந்தக் குழுவின் நிகழ்வில் குறைகளும் இருந்தன. அவற்றில் ஒன்று சிறியதன்று. ஆயினும் மூன்றாம் இரவில் நிகழ்ந்தது, நான் மேடைக்கலையில் கண்டவற்றுள் மிக உயர்ந்த இடத்தில் வைக்கத்தக்கது.

கதை தமிழ் வாசகருக்குப் புதியதன்று. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையின் தலைவனாகிய உதயணனும், அவன் மனைவி வாசவதத்தையும், அமைச்சன் யூகியும், தோழன் வயந்தகனுமே இங்கும் வருகிறார்கள்; வடமொழியில் யூகி யௌகந்தராயணன் ஆகிறான், வயந்தகன் வசந்தகன் ஆகிறான். மணிமேகலையும் யூகியின் சூழ்ச்சியை உவமையாக எடுத்துச் சொல்லும் அளவுக்கு இக்கதை நம்மிடையே பழகிய ஒன்று. தன் வத்தவ நாட்டைப் பகைமன்னன் ஆருணியிடம் இழந்த உதயணனுக்கு மகத நாட்டின் துணை வேண்டும். அதற்கு மகத மன்னன் தர்சகனின் தங்கை பத்மாவதியை அவன் மணக்க வேண்டும். வாசவதத்தை உயிரோடிருக்கும்வரை அவன் அதற்கு இசையமாட்டான். ஆகவே இலாவாணத்தில் தீப்பற்றியதாகவும், அதில் அரசியும் அமைச்சனும் மாண்டதாகவும் செய்தி பரப்பப்படுகிறது. வாசவதத்தை ஆவந்திகை என்ற பெயரில் பத்மாவதியிடமே அடைக்கலமாக ஒப்படைக்கப்படுகிறாள். தன் கணவனின் இரண்டாம் திருமணத்திற்குரிய மாலையைத் தன் கையாலேயே தொடுக்கும் நிலை அவளுக்கு நேர்கிறது. இவ்வளவும் நான்காம் அங்கம் முடிவதற்குள் நடந்துவிடுகின்றன. ஐந்தாம் அங்கத்தில் நடப்பது மிகச் சிறிது: பத்மாவதிக்குத் தலைவலி என்று கேட்டு அரசன் சமுத்திரகிருகம் என்னும் மாளிகைக்கு வருகிறான், அவள் அங்கே இல்லாததால் அவளுக்கென விரித்த படுக்கையில் படுத்து உறங்கிவிடுகிறான், அதே தலைவலிச் செய்தியைக் கேட்டு வந்த வாசவதத்தை, படுத்திருப்பது பத்மாவதி என்று எண்ணி அருகில் அமர்கிறாள்.

இந்த நாடகம் நமக்குக் கிடைத்த வரலாறும் தமிழ்நாட்டோடு தொடர்புடையதே. பல நூற்றாண்டுகளாகப் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த பாசனின் நாடகங்களை, திருவிதாங்கூரில் பணிபுரிந்த த. கணபதி சாஸ்திரி 1909இல் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில், மலையாள எழுத்தில் எழுதப்பட்ட ஓலைச்சுவடிகளில் கண்டெடுத்தார். அந்த ஊர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. 1912இல் சொப்பனவாசவதத்தம் அச்சேறியது. அந்தத் தொகுதியில் அடங்கிய பதின்மூன்று நாடகங்களும் பாசனுடையவைதாமா என்ற வாதம் அறிஞர்களிடையே நெடுங்காலம் நடந்தது. பாசனின் நாடகங்களைச் சோதிக்க அறிஞர்கள் தீயிலிட்டபோது சொப்பனவாசவதத்தத்தை மட்டும் தீ எரிக்கவில்லை என்று கவிஞன் இராசசேகரன் பாடியதாக ஒரு பழைய செய்யுள் உண்டு. தீயில் மாண்டதாகச் சொல்லப்பட்ட ஒரு பெண் உயிரோடு திரும்பும் நாடகத்திற்கு இதைவிடப் பொருந்தும் புகழுரை கிடையாது.

கூடியாட்டத்தை இதுவரை பார்த்திராதவர்களுக்காக அரங்கைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மேடையில் காட்சிப் பொருள் என்று எதுவும் இல்லை. முன்புறத்தில் ஒரு பெரிய வெண்கல நிலவிளக்கு. அதன் மூன்று திரிகளில் இரண்டு நடிகரை நோக்கியும் ஒன்று அவையை நோக்கியும் எரிகின்றன. பின்புறத்தில் மரச்சட்டங்களுக்குள் நிறுத்தப்பட்ட மிழாவு என்னும் பெருங்குட முழவுகள். ஒரு பக்கத்தில் இடைக்கை என்னும் சிறு முழவு. மற்றொரு பக்கத்தில் தரையில் அமர்ந்து குழித்தாளம் தட்டும் நங்கையார். நடிகர் முதலில் செய்யுளை அதற்கென்று வகுக்கப்பட்ட சுவரத்தில் ஓதுகிறார். பிறகு ஒவ்வொரு சொல்லையும் முத்திரைகளால் காட்டுகிறார். அதன் பிறகு அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கும் நிகழ்ச்சியை விரித்து ஆடுகிறார். ஒரு நாற்சீர் அடி முக்கால் மணி நேரம் நீள்வது இங்கே இயல்பு. கோயில்களுக்குள் சாக்கியர்களும் நங்கையார்களும் மட்டுமே ஆடிவந்த இக்கலையைப் பைங்குளம் இராம சாக்கியார் போன்றோர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தார்கள். 1962இல் பேராசிரியர் வே. ராகவனின் அழைப்பின்பேரில் மாணி மாதவ சாக்கியார் சென்னையில் நிகழ்த்தியபோதுதான் அது கேரளத்துக்கு வெளியே வந்தது. 2001இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் அரும்பெரும் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. நமக்கு இன்னும் அணுக்கமான சான்று வேண்டுமானால், சேரன் செங்குட்டுவன் முன்னிலையில் ஆடிய பறையூர்க் கூத்தச் சாக்கையனைச் சிலப்பதிகாரத்தின் நடுகற் காதையில் காணலாம்.

முதல் இரவு முழுவதும் வாசவதத்தையின் நிர்வகணம். ஒரு பாத்திரம் தான் இப்போது நிற்கும் இடத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைத் தன் நினைவிலிருந்து தானே ஆடிக்காட்டும் பகுதிக்கு இப்பெயர். உச்சயினியில் சிறைப்பட்டிருந்த உதயணன் அவளுக்கு வீணை கற்பித்தது, இருவரும் பத்திராபதி என்னும் பெண்யானையின்மேல் ஏறித் தப்பியது, இலாவாணத்தின் பொய்த் தீ, தபோவனத்தில் வேற்றுப் பெயரோடு நின்றது ஆகியவற்றை ஒரே நடிகை, எந்தத் துணைப் பாத்திரமும் இன்றி, விளக்கின் முன் சில அடி நிலத்திலேயே ஆடினார். ஆசிரியனாக அமர்ந்திருக்கும் உதயணனாகவும் அவரே மாறினார்; மீண்டும் மாணவியாகத் திரும்பினார். வீணைப் பாடத்தின்போது அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, வீணை மீட்டும் கோல் விரல்களிலிருந்து நழுவிவிடுகிறது. அவள் அதை அறியாமல் வெறும் விரல்களால் காற்றை மீட்டுகிறாள். நடிகையின் வலக்கை தாளம் தவறாமல் மீட்டிக்கொண்டே இருந்தது. கண்கள் மட்டும் அசையவில்லை. இந்த இடத்தில் அவையில் ஒரு மெல்லிய சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு தேவையானது என்பதை நான் மறுநாள்தான் உணர்ந்தேன்.

இரண்டாம் இரவு உதயணனுடையது. விதூஷகன், அதாவது அரசனின் நகைச்சுவைத் தோழன், ஆகிய வசந்தகனும் அன்று வருகிறான். அரசன் படுக்கையில் சாய்ந்தபடி கதை சொல்லுமாறு கேட்கிறான். வசந்தகன் "உச்சயினி என்று ஒரு நகரம் இருக்கிறது" என்று தொடங்குகிறான். அந்தப் பெயரே அரசனுக்குப் போதுமானதாக இருக்கிறது. அவந்தி மன்னனின் மகளாகிய வாசவதத்தை பிறந்த வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது சுற்றத்தாரை நினைத்து அவள் கண்ணின் ஓரத்தில் தேங்கிய நீர், அன்பின் மிகுதியால் தன் மார்பிலேயே விழுந்தது என்று ஒரு செய்யுளில் நினைக்கிறான். அடுத்த செய்யுளில், பாடம் நடக்கும்போதெல்லாம் தன்னையே பார்த்தபடி, கோல் நழுவிய கையால் அவள் ஆகாயத்தை மீட்டியதை நினைக்கிறான். முதல் இரவில் அவள் பக்கத்திலிருந்து நாம் பார்த்த அதே நிகழ்ச்சி, இரண்டாம் இரவில் அவன் பக்கத்திலிருந்து வருகிறது. நடிகர் அதே கையசைவை எடுத்துக்கொண்டார். ஆனால் இப்போது அது அவனுடைய கண்ணுக்குத் தெரிந்த கை. அவள் அறியாமல் செய்ததை அவன் அறிந்திருந்தான் என்பதும், அறிந்தும் சொல்லாமல் அதை உள்ளே வைத்திருந்தான் என்பதும் நமக்கு அப்போதுதான் தெரிகிறது. அவையில் அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

வடமொழி நாடகத்தின் உணர்ச்சி இலக்கணத்தை இதைவிடத் தெளிவாக விளக்கும் சான்று எனக்குத் தெரியாது. விபாவம், அனுபாவம், வியபிசாரி பாவம் ஆகியவை சேரும்போது ரசம், அதாவது சுவை, பிறக்கிறது என்பது பரதரின் நாட்டிய சாத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் தரும் சூத்திரம். உணர்ச்சிக்குக் காரணமான ஆளும் சூழலும் விபாவம். உடலில் தெரியும் விளைவு அனுபாவம். வந்து வந்து மறையும் துணையுணர்ச்சிகள் வியபிசாரி, அவை முப்பத்துமூன்று. நிலைத்து நிற்கும் எட்டு உணர்ச்சிகளுள் ரதி, அதாவது காதல், முதலில் வைக்கப்பட்டிருக்கிறது. இந்தச் சூத்திரத்தை வாசிக்கும்போது சமையற்குறிப்பு போல் தோன்றும். பரதரே பல பொருள்கள் சேர்ந்து உணவுக்குச் சுவை தருவதையே அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். ஆனால் சேர்க்கை நிகழும் இடம் மேடையா, பார்ப்பவரின் மனமா என்பதே கேள்வி. இந்த நிகழ்வில் அதற்கு ஐயமற்ற விடை கிடைத்தது. அவளுடைய நினைவு அவளிடம் மட்டும் இருக்கிறது. அவனுடைய நினைவு அவனிடம் மட்டும் இருக்கிறது. நாடகத்திற்குள் இருவரும் அவற்றை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளவே இல்லை. இரண்டையும் ஒருங்கே வைத்திருப்பவர்கள் கீழே அமர்ந்திருக்கும் நாம் மட்டுமே. அந்தக் காதல் முழுமையாக இருக்கும் ஒரே இடம் அவையோரின் நெஞ்சம். ஆடுபவர்கள் அதன் பாதிகளைத்தான் கொண்டுவருகிறார்கள்.

மூன்றாம் இரவுக்குச் செல்லும் முன் விதூஷகனைப் பற்றி ஒன்று. அவன் கதை சொல்லும்போது பிரமதத்தன் என்ற நகரத்தில் காம்பில்யன் என்ற அரசன் இருந்தான் என்று ஊரையும் பேரையும் மாற்றிச் சொல்கிறான், அரசன் திருத்துகிறான், அவன் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாடம் செய்வதற்குள் அரசன் உறங்கிவிடுகிறான். கூடியாட்டத்தில் விதூஷகன் மலையாளத்தில் விரித்துப் பேச உரிமை உடையவன். தலைவனின் செய்யுளுக்கு எதிராக நகைச்சுவைச் செய்யுளும் சொல்வான். அன்று அந்த நடிகர் நாட்டு நடப்புகளைத் தொட்டுப் பேசியவை அவையைக் கவர்ந்தன என்பது உண்மை. எனினும் அரசன் துயரத்திலிருந்து உறக்கத்திற்குள் நழுவும் தருணத்தில் அந்தப் பேச்சு தேவைக்கு மேல் நீண்டுவிட்டது என்று கருதுகிறேன். நகை இங்கே தாலாட்டின் வேலையைச் செய்ய வேண்டும். அது தனியே கைதட்டல் வாங்கும் அளவுக்கு வளர்ந்தபோது, விதூஷகன் உறங்கவைக்க வேண்டிய அரசன் மேடையில் இருக்கிறான் என்பதையே சிறிது நேரம் மறந்துபோனோம்.

மூன்றாம் இரவில் படுக்கையைக் குறிக்க ஒரு சிறிய பீடம் மட்டுமே இருந்தது. வாசவதத்தை வருகிறாள், விளக்கொளியில் யாரோ படுத்திருப்பதைக் காண்கிறாள், நோயுற்றவளைத் தனியே விட்டுச் சென்ற பணிப்பெண்கள்மீது வருந்துகிறாள், அருகில் அமர்கிறாள். அமர்ந்தவுடன் தன் நெஞ்சம் ஏன் இவ்வாறு மகிழ்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. நடிகை இந்த இடத்தை மிக மெதுவாக எடுத்துக்கொண்டார். புருவம் ஒரு முறை கேள்வியாக எழுந்தது, உதட்டின் ஓரத்தில் ஒரு நிறைவு தோன்றி மறைந்தது, மீண்டும் கேள்வி. உடல் அறிந்துகொண்டதை அறிவு இன்னும் அறியவில்லை. அந்த இடைவெளியில் நாம் அமர்த்தப்படுகிறோம்: படுத்திருப்பவன் யார் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. "எழுந்துவிடாதே" என்று வேண்டிக்கொள்கிறோமா, "எழுந்து பார்" என்று வேண்டிக்கொள்கிறோமா என்பது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் கலந்தே இருந்தன.

உறக்கத்தில் அரசன் "வாசவதத்தையே" என்கிறான். அவள் பதறி எழுகிறாள். இங்கே பாசன் செய்திருக்கும் வேலையை எத்தனை முறை போற்றினாலும் தகும். அவளுக்கு முதலில் வருவது மகிழ்ச்சியன்று, அச்சம்: தான் காணப்பட்டுவிட்டால் அமைச்சனின் பெருமுயற்சி வீணாகிவிடுமே என்னும் அச்சம். அவன் கனவில்தான் பேசுகிறான் என்று தெரிந்த பிறகே, யாரும் இல்லையே, சிறிது நேரம் நின்று கண்ணையும் நெஞ்சையும் நிறைத்துக்கொள்கிறேன் என்கிறாள். அவன் "எனக்கு மறுமொழி கூறு" என்கிறான். அவள் "பேசுகிறேன், தலைவரே, பேசுகிறேன்" என்கிறாள். "என்மேல் சினமா?" "இல்லை, இல்லை, துயரம்." "சினம் இல்லையென்றால் ஏன் அணிகலன் பூணவில்லை?" இப்படியே அவன் கனவுக்குள்ளிருந்தும் அவள் விழிப்பிலிருந்தும் ஓர் உரையாடல் நடக்கிறது. பிறகு அவன், முன்பு தான் விரும்பிய விரசிகை என்னும் பெண்ணை நினைக்கிறாயா என்று கேட்டுவிடுகிறான், அவளுக்குச் சினம் பொங்குகிறது, "இங்கேயுமா விரசிகை?" என்கிறாள். ஒரு கணத்திற்கு மறைவு வாழ்க்கை, அரசியல், இறந்தவள் என்னும் வேடம் ஆகிய எல்லாம் மறைந்து, ஊடல் கொண்ட ஒரு மனைவி மட்டும் அங்கே நிற்கிறாள். நம் மரபில் ஊடல் மருதத்திணைக்குரியது, காதலின் உரிமையை நிலைநாட்டுவது. இறந்ததாக ஊர் அறிந்த பெண்ணுக்கு அந்த உரிமையை ஒரு நொடி திருப்பிக் கொடுத்ததில் பாசனின் கருணை தெரிகிறது. நடிகை இதைச் சிரிப்புக்கு இடம் கொடாமல், கண்ணின் சிவப்பு ஏறி இறங்கும் அளவிலேயே காட்டினார்.

மன்னிப்புக் கேட்பதற்காக அவன் கையை நீட்டுகிறான். நெடுநேரம் நின்றுவிட்டேன், யாராவது பார்த்துவிடுவார்கள், போகிறேன் என்று திரும்பும் வாசவதத்தை, கட்டிலிலிருந்து தொங்கும் அவன் கையை மீண்டும் கட்டிலில் எடுத்து வைத்துவிட்டுப் போகலாம் என்று எண்ணுகிறாள். நாடகத்தில் அவள் அவனைத் தொடும் இடம் இதுவே. வடமொழி மேடையில் முத்தம், தழுவல் முதலியவற்றை நேரே காட்டுவதற்கு நாட்டிய சாத்திரம் தடை விதித்திருக்கிறது. உறக்கத்தைக்கூட மேடையில் காட்டலாகாது என்பார்கள். பாசன் அந்த விதியை மீறியிருக்கிறான். எல்லாம் தடுக்கப்பட்ட இடத்தில் ஒரு கையை எடுத்து வைப்பது எத்தகைய நிகழ்ச்சியாகிவிடுகிறது என்பதை அன்று கண்டேன். நடிகை கையை நீட்டினார், பின்னிழுத்தார், மீண்டும் நீட்டினார். மிழாவு முழுவதும் நின்றுவிட்டது. குழித்தாளம் மட்டும் நெடிய இடைவெளிகளில் ஒலித்தது. கை கையைத் தொட்டபோது அதுவும் நின்றது. நாட்டிய சாத்திரத்தின் இருபத்தேழாம் அத்தியாயம் ஒரு நாடகம் வெற்றி பெற்றதற்கு உரிய அடையாளங்களைச் சொல்கிறது. புன்னகை, சிரிப்பு, "நன்று" என்னும் குரல், மயிர்க்கூச்சு முதலியவை மனிதரால் வரும் வெற்றி. அவை நிரம்பியிருந்தும் ஓசையும் கலக்கமும் இல்லாதிருந்தால் அது தெய்வத்தால் வரும் வெற்றி. குழந்தைகள் உட்பட நிறைந்திருந்த அந்த அவையில் அத்தகைய அமைதியை நான் கேட்டேன் என்று உறுதியாகச் சொல்வேன்.

அவள் போன பிறகு அரசன் துள்ளி எழுந்து ஓடுகிறான், கதவில் மோதிக்கொள்கிறான். வசந்தகன் திரும்பி வந்து, அது கனவு என்கிறான். கனவாக இருந்தால் விழிக்காமல் இருந்திருப்பதே பேறு, மயக்கமாக இருந்தால் அந்த மயக்கம் எனக்கு நெடிது நிலைக்கட்டும் என்னும் புகழ்பெற்ற செய்யுள் இங்கேதான் வருகிறது. இதை ஓதிய விதத்தைவிட, இதைத் தொடர்ந்து வரும் மற்றொரு செய்யுளை அந்த நடிகர் ஆடிய விதமே என்னை வென்றது. அஞ்சிய தேவி அழுத்திய இந்தக் கை, கனவில் தொடப்பட்டதாயினும், இன்னும் மயிர்க்கூச்சு நீங்காமல் இருக்கிறது என்கிறான். உள்ளம் ஒன்றாமல் உடலில் வரவழைக்க முடியாத வியர்வை, கண்ணீர், நடுக்கம், மயிர்க்கூச்சு போன்ற எட்டையும் சாத்துவிகம் என்று தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள். வசந்தகனின் வாதத்திற்கு எதிராக உதயணன் காட்டும் சான்று அதுவே: பொய்யாகச் செய்ய முடியாத ஒன்றை என் கை செய்துகொண்டிருக்கிறது. நடிகர் அந்தக் கையை வேறொருவருடையதைப் போல நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை தொடங்கி உவகை வரை எட்டையும் மெய்யில் தோன்றுபவையாகவே வைத்திருக்கும் நம் மரபில் வந்தவர்களுக்கு இந்த வாதம் எளிதில் விளங்கும்.

இந்த அளவுக்கு ஓர் உணர்ச்சி நம்முள் எழுவதற்குக் காரணம் நாம் உதயணனாகவோ வாசவதத்தையாகவோ நம்மை எண்ணிக்கொள்வது என்று சொல்வது எளிது. காசுமீரத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபிநவகுப்தர் அவ்வாறு கருதவில்லை. காளிதாசனின் சாகுந்தலத்தின் முதல் அங்கத்தில் துரத்தப்படும் மான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி ஓடும் செய்யுளை எடுத்துக்கொண்டு அவர் விளக்குகிறார்: அந்த அச்சம் என்னுடையதன்று, மானுடையதும் அன்று, இன்னார், இந்த இடம், இந்தக் காலம் என்னும் எல்லைகள் கழன்றுபோன வெறும் அச்சம். காதலும் அப்படியே. நம் சொந்த வாழ்வின் இன்ப துன்பங்களில் மூழ்கிக் கிடப்பதை ரசத்துக்குரிய தடைகளுள் ஒன்றாக அவர் எண்ணுகிறார். இசையும் அரங்கின் அழகும் அந்தத் தடையை நீக்குவதற்கே இருக்கின்றன. மூன்று இரவுகளின் மெதுவான நடையும் இந்த வேலையைத்தான் செய்கிறது என்று நினைக்கிறேன். முதல் ஒரு மணி நேரத்தில் நான் வீட்டைப் பற்றியும் மறுநாள் வேலையைப் பற்றியும் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு அந்த எண்ணங்கள் தாமாகவே கரைந்துபோயின. விரைவான நாடகத்தில் நம்மை விட்டுவிட்டு வெளியே வர நமக்கு நேரம் கிடைப்பதில்லை.

இனிக் குறைகள். மேடையின் ஒரு பக்கத்தில் திரை ஒன்றை நிறுத்தி, செய்யுளின் பொருளை ஒளி எழுத்துகளில் காட்டினார்கள். மொழி தெரியாதவர்களுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் நல்லதே. ஆனால் நடிகர் ஒரு சொல்லை முத்திரையால் தொடங்கும்போதே முழுச் செய்யுளின் பொருளும் திரையில் வந்துவிட்டது. கையை எடுத்து வைக்கப்போகிறாள் என்பதை அவள் நினைப்பதற்கு முன்பே நாங்கள் படித்துவிட்டோம். மேலும் அந்தத் திரையின் வெண்ணொளி நிலவிளக்கின் மஞ்சள் ஒளியைத் தின்றது. கண்ணின் நுட்பமான அசைவுகளை நம்பி நிற்கும் ஒரு கலைக்கு இது சிறிய இழப்பன்று. முன்கூட்டியே பொருளை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, நிகழ்வின்போது திரையை முற்றிலும் அணைத்துவிடுவதே முறை. அபிநவகுப்தரின் தடைப் பட்டியலில் இதையும் சேர்க்கலாம்.

அடுத்து, மூன்றாம் இரவின் முடிவு. ஐந்தாம் அங்கத்தின் இறுதியில் அரண்மனைப் பணியாளனாகிய கஞ்சுகி வந்து, அமைச்சன் உருமண்ணுவா ஆருணிக்கு எதிராகப் படையோடு புறப்பட்ட செய்தியைச் சொல்கிறான். அரசன் கனவிலிருந்து போருக்கு எழ வேண்டியிருக்கிறது. காதலிலிருந்து வீரத்துக்கு நிகழும் இந்தத் திருப்பத்தைக் குழுவினர் சில நிமிடங்களில் ஓதி முடித்துவிட்டார்கள். நேரம் கடந்துவிட்டது என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் மயிர்க்கூச்சு நீங்காத அதே கைதான் அடுத்து வில்லைத் தொட வேண்டும் என்பதை உடலால் காட்டியிருந்தால் அங்கம் முழுமை பெற்றிருக்கும். விதூஷகனுக்குக் கொடுத்த நேரத்தில் கால் பங்கை இங்கே மாற்றியிருக்கலாம்.

இசையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. மிழாவுக் கலைஞர்கள் இருவரும் நடிகரின் கண்ணைத் தொடர்ந்து வாசித்தார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்திருந்தார்கள். வாசவதத்தையாக நடித்தவர் இளம் வயதினர். நிர்வகணத்தின் யானைப் பகுதியில் அவருடைய அடவுகளில் சிறிது அவசரம் தெரிந்தது, அதுவும் முதல் இரவில் மட்டுமே. உதயணனாக நடித்த மூத்த கலைஞரின் குரல் ஓரிரு இடங்களில் தளர்ந்தாலும், அந்தத் தளர்ச்சி பாத்திரத்துக்குப் பொருந்தியே இருந்தது.

இத்தகைய நிகழ்வு மீண்டும் நடக்கும்போது செல்ல விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இந்த முறை நுழைவுக் கட்டணம் இருக்கவில்லை, விரும்பியதைக் கொடுக்கலாம் என்றார்கள். தரையில் பாய் விரித்து அமர வேண்டும். முதுகுவலி உள்ளவர்களுக்குப் பின்வரிசையில் சில நாற்காலிகள் இருக்கின்றன, ஆனால் தூண்கள் மறைக்கும். விளக்கிலிருந்து மூன்றாவது, நான்காவது வரிசையில் இடம் பிடித்தால் கண்கள் தெளிவாகத் தெரியும். இரண்டாம் இரவுக்கோ மூன்றாம் இரவுக்கோ மட்டும் போவது வீண்; முதல் இரவில் அவள் காற்றை மீட்டியதைப் பார்க்காதவருக்கு மற்ற இரண்டும் அழகிய அசைவுகளாக மட்டுமே நிற்கும். மலையாளம் தெரியாவிட்டால் விதூஷகனின் பேச்சில் பெரும்பகுதி புரியாது. மற்றவற்றுக்கு மொழி தடையாக இராது. நாடகத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு முறை படித்துவிட்டுச் செல்வது நல்லது. பெருங்கதையின் இலாவாண காண்டத்தைப் படித்துவிட்டுச் சென்றால் இன்னும் நல்லது, உ. வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்த அந்நூலில் இதே மனிதர்களை வேறு நடையில் சந்தித்திருப்பீர்கள். பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அழைத்து வருவதில் தவறில்லை. என் அருகில் அமர்ந்திருந்த சிறுமி விதூஷகன் பேசியபோது உறங்கினாள், கை தொட்ட இடத்தில் விழித்துக்கொண்டிருந்தாள்.

குழுவினரிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. நான்காம் அங்கத்தையும் இவ்வாறே எடுத்து ஆட வேண்டும். அதில் பத்மாவதியும் வாசவதத்தையும் மாதவிப் பந்தலுக்குள் மறைந்திருக்க, வெளியே வசந்தகன் அரசனிடம், இருவரில் உமக்கு யார் மிகவும் விருப்பமானவர் என்று கேட்கிறான். பத்மாவதியின் அழகையும் பண்பையும் இனிமையையும் மதிக்கிறேன், எனினும் வாசவதத்தையிடம் கட்டுண்ட என் மனத்தை அவளால் கவர முடியவில்லை என்று அவன் சொல்ல, இரு பெண்களும் ஒரே இடத்தில் நின்று அதைக் கேட்கிறார்கள். ஒருத்திக்கு அது துயரத்துக்குக் கிடைத்த கூலி. மற்றவள், இன்றும் பழையவளை மறவாதிருப்பது அவருடைய பண்பு என்று தன் கணவனுக்காகப் பேசுகிறாள். பத்மாவதியின் அந்தப் பெருந்தன்மையை ஆட இந்தக் குழுவில் தகுந்த நடிகை இருக்கிறார்: ஐந்தாம் அங்கத்தில் சிறிது நேரமே வந்துபோகும் பணிப்பெண்ணாக, தலைவலியின் செய்தியை மட்டும் சொல்லிவிட்டுச் சென்றவர் அவர்.